‘குளிசைகளை நிறுத்திவிட்டேன், மாமியின் சரக்குத் தண்ணி போதுமா?’

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஓர் ஆசிரியை நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வயது 46. கர்ப்பப்பையில் கட்டி, மாதாமாதம் கடுமையான இரத்தப்போக்கு. வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்து எட்டு நாள் ஆகிறது. நாலாம் நாள் வீட்டுக்கு விடும்போது பனடோல், டைக்ளோபினாக், நோ தாங்க முடியாவிட்டால் மட்டும் போடச் சொல்லி ட்ரமடோல் என்று மூன்று வகைக் குளிசைகள் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த மறுநாளே மூன்றையும் நிறுத்திவிட்டார். கிட்னி பழுதாகும், ட்ரமடோல் பழக்கமாகிவிடும் என்று முகநூலில் வாசித்தாராம்.

அதற்குப் பதிலாக மாமி அவித்துக் கொடுக்கும் சரக்குத் தண்ணி: மல்லி, மிளகு, மஞ்சள், உள்ளி, வேர்க்கொம்பு. கனடாவிலிருந்து அண்ணா அனுப்பிய மஞ்சள் கப்சியூல், நாளுக்கு இரண்டு. பத்தியம் கடுமை. மீன் இல்லை, முட்டை இல்லை, தண்ணீரும் நாளுக்கு நாலு கிளாஸ்தான். கூடக் குடித்தால் புண் ஆறாது என்பது மாமியின் கணக்கு. பிரஷருக்குப் போடும் லொசார்டனையும், சிறுநீரைக் கூடப் போகவைக்கும் ‘தண்ணிக் குளிசை’யையும் மட்டும் விடாமல் போடுகிறார். இரவில் நித்திரை இல்லை. இருமப் பயம். பெரும்பாலும் படுக்கையிலேயே கிடக்கிறார். தெரிந்த ஒருவர் கறுப்பு உருண்டை லேகியம் ஒன்று கொண்டுவந்து, “இது போட்டால் நோவே தெரியாது” என்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். தையல் மேல் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசவும், கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிப்போய்க் குளிக்க வார்க்கவும் மாமிக்கு விருப்பம்.

கடைசி வரி இது: “இயற்கையாகவே நோவைக் குறைக்கிற மூலிகை ஒன்றைச் சொல்லுங்கள் டொக்டர், இங்கிலீஷ் மருந்து இல்லாமல் சமாளித்துக்கொள்கிறேன்.”

அன்புள்ள சகோதரி,

கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக ஐந்து வரி அனுப்பியிருந்தேன். பனடோலைத் திரும்பத் தொடங்குங்கள், தண்ணீர் குடியுங்கள், எழும்பி நடவுங்கள், கப்சியூலை நிறுத்துங்கள், அந்தக் கறுப்பு உருண்டையைத் தொடாதீர்கள் என்று. ஏன் என்று சொல்ல அப்போது நேரமில்லை. உங்களைப் போலப் பலர் இதையே கேட்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில், சத்திரசிகிச்சைக்குப் பிறகு நோவைக் குறைப்பது எதற்கு? ‘பொறுத்துக்கொள்கிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பொறுமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நோவுக்குப் பயந்து நீங்கள் ஆழமாக மூச்சு எடுப்பதில்லை, இருமுவதில்லை, நடப்பதில்லை. மூச்சு மேலோட்டமாகவே போனால் நுரையீரலின் அடியில் சளி தேங்கி நியூமோனியா வரலாம். படுத்தே கிடந்தால் காலின் நாளங்களில் இரத்தம் உறையலாம்; அந்த இரத்தக்கட்டி கிளம்பி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இடுப்புப் பகுதியில் பெரிய சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு இந்தப் பயம் சில கிழமைகளுக்கு இருக்கிறது. நான் மயக்கமருந்து கொடுக்கும் வேலையில் இருப்பதால் என்னிடம் வரும் நோயாளிகளிடம் “நோ எவ்வளவு?” என்று கேட்பதோடு விடமாட்டேன். “இருமிக் காட்டுங்கள், கதவு வரைக்கும் நடந்து காட்டுங்கள்” என்பேன். இரண்டும் முடிந்தால் மருந்து போதும். உங்களுக்கு இரண்டும் முடியவில்லை. ஆகவே சரக்குத் தண்ணி இப்போதைக்குப் போதவில்லை.

செடியிலிருந்து வந்த ‘இங்கிலீஷ் மருந்து’

இயற்கை மருந்து ஒரு பக்கம், இங்கிலீஷ் மருந்து மறுபக்கம் என்று நீங்கள் பிரித்து வைத்திருக்கிறீர்கள். அந்தப் பிரிவை நான் ஒத்துக்கொள்ளவில்லை. உங்களுக்கு சத்திரசிகிச்சை முடிந்த கையோடு ஊசியில் ஏற்றியது அநேகமாக மோர்ஃபினாக இருக்கும். அது அபின் செடியின் பாலில் இருப்பது. (பலூடாவில் மிதக்கிற நம்மூர்க் கசகசா வேறு, பயப்பட வேண்டாம், அது துளசிக் குடும்பத்து விதை.) 1800களின் தொடக்கத்தில் செர்ட்யூர்னர் என்ற ஜெர்மன் மருந்தாளர் அபினிலிருந்து மோர்ஃபினைப் பிரித்தெடுத்தார். அஸ்பிரினின் மூலம் வில்லோ மரப்பட்டை. ஓர் இடத்தை மட்டும் விறைக்கவைத்து வெட்டும் வைத்தியம் தொடங்கியதே 1884இல், கோக்கா இலையிலிருந்து எடுத்த கோக்கெயினைக் கண்ணில் விட்டு.

ஆக, செடி நோவைத் தீர்க்குமா என்றால் தீர்க்கும், நன்றாகவே தீர்க்கும். அதே செடி மூச்சையும் நிறுத்தும். அபின் பாலில் மோர்ஃபின் எவ்வளவு என்பது வயலுக்கு வயல் மாறும். பிரித்தெடுத்து, நிறுத்து, இத்தனை மில்லிகிராம் என்று எழுதி ஒட்டிய பிறகுதான் அதை நம்பி ஒருவருக்குக் கொடுக்க முடிந்தது. அந்தக் கறுப்பு உருண்டையில் ஒட்டிய சீட்டு ஏதாவது இருந்ததா? ‘நோவே தெரியாது’ என்று ஒருவர் உறுதி சொல்கிறார் என்றால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் அபின். இரண்டாவது, பொடித்துக் கலந்த ஸ்டெரொயிட். அபினும் கஞ்சாவும் நம் நாட்டில் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டவை. கொடுத்தவர் நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார், அதில் சந்தேகமில்லை. இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு கதை இருக்கிறது, உங்கள் ட்ரமடோல் பற்றியதுதான். அது ஜெர்மனியில் ஆய்வுகூடத்தில் செய்யப்பட்ட மருந்து. 2013இல் ஓர் ஆய்வுக்குழு, கமரூன் நாட்டில் நோவுக்கு நாட்டுவைத்தியமாகப் பயன்படும் ஒரு மரத்தின் வேரில் அச்சொட்டாக அதே ட்ரமடோல் இருக்கிறது என்று அறிவித்தது. இயற்கையே முன்பே செய்து வைத்திருக்கிறதே என்று எல்லோருக்கும் ஆச்சரியம். அடுத்த வருடம் இன்னொரு குழு போய்ப் பார்த்தது. அந்தப் பகுதியில் விவசாயிகள் தாங்களும் ட்ரமடோல் விழுங்கி, வெயிலில் உழும் மாடுகளுக்கும் கொடுத்திருக்கிறார்கள். அது மூத்திரத்தோடு மண்ணில் இறங்க, மரம் வேரால் உறிஞ்சிக்கொண்டது என்பது அவர்கள் கண்ட விடை. எது இயற்கை, எது செயற்கை என்று கோடு போடுவது அவ்வளவு சுலபமில்லை.

நிறுத்திய மூன்று குளிசைகள்

உங்கள் பயத்தில் பாதி சரி. டைக்ளோபினாக் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும். லொசார்டனும் தண்ணிக் குளிசையும் போடுகிற ஒருவர், அதுவும் பத்தியம் என்று தண்ணீரைக் குறைத்துக்கொண்டவர், டைக்ளோபினாக்கையும் சேர்த்துப் போட்டால் சிறுநீரகம் திடீரெனப் பழுதாகலாம். இந்த மூன்றும் சேர்வது எங்கள் பாடப்புத்தகங்களில் தனியாகவே எச்சரிக்கப்பட்ட கூட்டு. ஆகவே டைக்ளோபினாக்கை நீங்கள் நிறுத்தியது நல்லதாகப் போயிற்று. கேட்காமல் திரும்பத் தொடங்க வேண்டாம். ஆனால் தண்ணீரைக் குறைத்தது அதே சிறுநீரகத்துக்குச் செய்யும் கெடுதி. கிட்னியைக் காப்பாற்றவென்று குளிசையை எறிந்துவிட்டு, மறுபக்கத்தால் அதைத் தாகத்தில் வாடவைத்தால் எப்படி? எழும்பும்போது தலை சுற்றினாலோ, சிறுநீர் கடும் மஞ்சளாகக் கொஞ்சமாகப் போனாலோ, பிரஷரையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியட்டினினை இரத்தத்திலும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணிக் குளிசையைச் சில நாள் நிறுத்தவேண்டுமா என்பதை அங்கேயே கேட்கலாம்.

பனடோலில் நீங்கள் சொல்லும் அந்தப் பயம் இல்லை. அளவோடு போட்டால் சிறுநீரகத்தையோ வயிற்றையோ தொந்தரவு செய்யாது, இரத்தம் உறைவதையும் தடுக்காது. அளவு மீறினால்தான் ஆபத்து, அதுவும் ஈரலுக்கு. 58 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள், ஈரலில் நோய் இல்லை என்கிறீர்கள். அப்படியென்றால் 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் கூடாது. தடிமன் குளிசைகளிலும் இதே மருந்து இருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். முக்கியமான விஷயம், நோ வரட்டும் பார்ப்போம் என்று காத்திருக்காதீர்கள். மணிக்கூட்டைப் பார்த்துப் போடுங்கள், நாலைந்து நாள். அப்புறம் தானாகவே குறைத்துவிடலாம். பெரும்பாலானவர்கள் ‘வெறும் பனடோல்தானே’ என்று இதை மட்டமாக நினைத்து, ஒழுங்காகப் போடாமலே வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

ட்ரமடோல் பழக்கமாகுமா? மாதக்கணக்கில் போட்டால் ஆகும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு இரண்டு மூன்று இரவு, நித்திரை கொள்ள முடியாத நோவுக்கு ஒன்று போடுவதில் அந்த ஆபத்து மிகக் குறைவு. தலைசுற்று, ஓங்காளம், மலச்சிக்கல் வரலாம். மன அழுத்தத்துக்கோ வலிப்புக்கோ மருந்து எடுப்பவர்கள் முதலில் டொக்டரிடம் சொல்லவேண்டும். நித்திரைக் குளிசையோடு சேர்க்கவே கூடாது. பனடோலை ஒழுங்காகப் போட்டால் உங்களுக்கு ட்ரமடோல் தேவைப்படாமலே போகலாம். மிஞ்சியதை அலுமாரியில் ‘உதவும்’ என்று வைக்காமல் ஆஸ்பத்திரிப் பாமசியில் கொடுத்துவிடுங்கள்.

மஞ்சள்: கறியில் ஒன்று, கப்சியூலில் வேறொன்று

உங்கள் மாமியை நான் குறை சொல்லப்போவதில்லை. மஞ்சளோடு மிளகைச் சேர்த்து அவிக்கிறாரே, அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் தனியாக வயிற்றுக்குள் போனால் உடம்பு அதை உறிஞ்சுவதே அபூர்வம். மிளகில் உள்ள பைபரின் சேர்ந்தால் இரத்தத்தில் சேரும் குர்குமின் சுமார் 20 மடங்கு கூடுகிறது என்று 1998இல் பெங்களூரில் செய்த ஆய்வு ஒன்று காட்டியது. நம் ஆச்சிமார் ஆய்வுகூடம் இல்லாமலே இரண்டையும் ஒரே அம்மியில் அரைத்தார்கள்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் மூன்று வீதம். ஒரு தேக்கரண்டி, அதாவது மூன்று கிராம் போட்டால் 90 மில்லிகிராம் அளவில் கிடைக்கும். ஆய்வுகளில் கொடுப்பது அதைப் போலப் பல மடங்கு. பித்தப்பை எடுத்த நோயாளிகளுக்குக் குர்குமின் கொடுத்துப் பார்த்த சிறிய இந்திய ஆய்வு ஒன்று 2011இல் வெளிவந்தது; முதல் இரண்டு கிழமைகளில் நோவும் களைப்பும் குறைந்ததாகச் சொன்னது. நல்ல செய்திதான். ஆனால் அது துளையிட்டுச் செய்யும் சின்னச் சத்திரசிகிச்சை, அவர்களுக்கும் தேவைப்பட்டபோது வழக்கமான குளிசை கிடைத்தது. உங்களைப் போல எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மஞ்சளை மட்டும் நம்பவில்லை.

கப்சியூல் என்று வரும்போது அது சாப்பாடு இல்லை, மருந்து. அண்ணா அனுப்பிய போத்தலின் படத்தைப் பார்த்தேன். பைபரினும் சேர்ந்த வகை. இதே பைபரின் வேறு சில மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் ஏற்றிவிடும். செறிவான குர்குமின், இரத்தக் கசிவை நிறுத்த உதவும் இரத்தத் தட்டுக்கள் ஒட்டுவதைக் குறைக்கக்கூடும். உள்ளே புதுத் தையல் இருக்கும்போது அது வேண்டாத விஷயம். இத்தாலியில் 2019இல் மஞ்சள் கப்சியூல் எடுத்த பலருக்கு ஈரல் அழற்சி வந்து அரசாங்கமே எச்சரிக்கை விட்டது. இப்போது நிறுத்துங்கள். ஆறு கிழமைக்குப் பிறகும் வேண்டுமென்றால் கிளினிக்கில் கேட்டுவிட்டு எடுங்கள்.

சரக்குத் தண்ணியைத் தாராளமாகக் குடியுங்கள். சமையல் அளவு மிளகும் உள்ளியும் உங்களுக்கு ஒன்றும் செய்யாது. வேர்க்கொம்பு ஓங்காளத்துக்குக் கொஞ்சம் நல்லது, அதற்கு ஆய்வுகளின் ஆதரவும் இருக்கிறது. அதோடு, ஒரு கிளாஸ் சரக்குத் தண்ணி என்றால் ஒரு கிளாஸ் தண்ணீர் உள்ளே போகிறதே, எனக்கு அதுவே பெரிய சந்தோஷம். மஞ்சளை மட்டும் தெரிந்த இடத்தில் வாங்கி வீட்டில் இடியுங்கள். இறக்குமதியை நிறுத்தி விலை ஏறிய 2020இல் என்னென்ன மாவெல்லாம் மஞ்சள் என்று பக்கற்றில் வந்தது என்பது நமக்கு மறக்கவில்லை.

தையலில் பூசுவது வேறு கதை. மஞ்சளில் கிருமியை அடக்கும் குணம் உண்டு என்பார்கள். அம்மியில் அரைத்த விழுதில் கிருமியும் இருக்கும். ஆறிவரும் தையலுக்கு எதையும் பூசவேண்டாம். சுத்தமாக, உலர்ந்து இருந்தால் போதும்.

கொச்சிக்காயைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதன் காரம், கப்சேசின், நோவு நரம்பின் ஒரு வாசலைத் தட்டுகிறது. உறைப்பை நாம் சூடு என்று உணர்வது அதனால்தான். அந்த வாசலைக் கண்டுபிடித்ததற்காக டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசு பெற்றார். திரும்பத் திரும்பப் பூசினால் நரம்பு களைத்து நோ குறையும். அது நரம்பு எரிவுக்கான கிரீம், மூடாத தையலுக்கு அல்ல. சில மாதம் கழிந்தும் தழும்பைச் சுற்றி எரிவு இருந்தால் அப்போது கேளுங்கள். வீட்டுக் கொச்சிக்காயை அரைத்துப் பூசிப் பார்க்க வேண்டாம், தயவுசெய்து.

பத்தியத்தில் மீனைச் சேருங்கள்

புண் ஆற உடம்புக்குப் புரதம் வேண்டும். சரக்கு அரைத்துப் போட்ட சின்ன மீன் பத்தியக் கறி, முட்டை, பருப்பு, முருங்கையிலை, எல்லாம் சாப்பிடலாம். சத்திரசிகிச்சைக்கு முன்னாலேயே இரத்தம் குறைந்திருந்தவர் நீங்கள். மீனை நிறுத்தினால் எப்படித் தேறுவது? பப்பாசிப்பழமும் தண்ணீரும் மலச்சிக்கலைத் தடுக்கும். முக்கினால் தையல் எவ்வளவு நோகும் என்று இதற்குள் தெரிந்திருக்கும்.

இரும வேண்டுமென்றால் ஒரு தலையணையைத் தையல் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமுங்கள். எழும்பும்போது நேரே எழும்பாமல் ஒருபக்கம் சரிந்து, கையை ஊன்றி எழும்புங்கள். மருந்தே இல்லாமல் நோவைக் குறைக்கும் வழி என்று நீங்கள் தேடியது இதுவும்தான்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவை: 38 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், தையல் சிவந்து சீழ் வைப்பது, கீழால் நாற்றமான கசிவு அல்லது அதிக இரத்தம், ஒரு கால் மட்டும் வீங்கி நோவது, வயிறு ஊதி விடாத சத்தி, கண் மஞ்சளாவது. திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சு நோவோ வந்தால் ஓட்டோ பிடிக்க நிற்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.

நாட்டு வைத்தியத்தையும் சேர்க்க விரும்பினால் அது உங்கள் உரிமை, நான் தடுக்கமாட்டேன். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நம்மூர் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. பதிவு பெற்ற சித்த வைத்தியரிடம் உங்கள் சத்திரசிகிச்சை அட்டையையும் குளிசைப் பட்டியலையும் காட்டிக் கேளுங்கள். அவர் கொடுப்பதைக் கிளினிக்கிலும் சொல்லுங்கள். “ஏசுவார்கள்” என்று மறைப்பதால்தான் எங்களுக்குப் பாதிச் சிக்கல்.

அடுத்த மாதம் முழங்கால் மாற்றப்போகும் உங்கள் அக்காவுக்கும் அண்ணா இதே மஞ்சள் கப்சியூலோடு உள்ளிக் கப்சியூலும் அனுப்பியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சத்திரசிகிச்சைக்கு இரண்டு கிழமைக்கு முன்பே நிறுத்தச் சொல்லுங்கள். முழங்காலுக்குப் பிறகு இரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுப்பார்கள், அதோடு இவை சேரக்கூடாது. டொக்டர் எழுதிக் கொடுத்த அஸ்பிரின் ஏதாவது போடுகிறா என்றால் அதைத் தானாக நிறுத்தக்கூடாது, கேட்டுத்தான். கறியில் போடும் உள்ளி இருக்கட்டும்.

கன்னியாவை மறக்கவில்லை. அங்கே கிணற்றில் முழுகுவதில்லை, வாளியால் அள்ளி வார்ப்பதுதானே என்று மாமி கேட்பா. சரிதான். ஆனால் வெளித் தையல் ஆறினாலும் உள்ளே, கர்ப்பப்பை இருந்த இடத்தின் அடியில், இன்னொரு தையல் இருக்கிறது. அது ஆற ஆறு கிழமை வேண்டும். அதுவரை வீட்டில் இளஞ்சூட்டு நீரில் உடம்பு கழுவி, தையலை ஒற்றித் துடையுங்கள். ஆறாம் கிழமைக் கிளினிக்கில் ‘சரி’ என்றதும் மாமியையும் கூட்டிக்கொண்டு ஏழு கிணற்றுக்கும் போங்கள். பாரம் தூக்குவது அப்போதும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம், வாளியை மகன் அள்ளட்டும்.